சைனா டாக்டருக்கு ஒரு பொட்டலம் மலைத் தேயிலை

டீத்தூள் விற்பனைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "நல்ல டீயை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்பதுதான். முப்பத்தோரு வருடம் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் டீத்தூள் விற்றவன் என்கிற மரியாதையில் கேட்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் கேள்வியே தப்பு. தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் கேள்விக்கு நான் ஒரு காலத்தில் அசைக்க முடியாத பதில் ஒன்றை வைத்துக்கொண்டு அலைந்தேன். அது எப்படி ஆட்டம் கண்டது என்பதைச் சொல்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். நானே சிரிக்கிறேன்.

அப்போது எனக்கு இந்த வேலையில் ஏழாவது வருடம். முதல் வருடம் பயம் காப்பாற்றும். இருபதாவது வருடம் அனுபவம் காப்பாற்றும். ஏழாவது வருடத்தில் எதுவும் காப்பாற்றாது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் கூடவே வரும். தியாகதுருகத்திலிருந்து சின்னசேலம் வரை, மேலே கல்வராயன் மலையில் கரியாலூர் வரை, எல்லா டீக்கடைகளுக்கும் நான்தான் தூள் போடுவேன். என் பரீட்சை ஒன்றே ஒன்று. கொதிக்கிற பாலில் ஒரு கரண்டி தூளைப் போட்டு மூன்று கொதி விடுவேன். டம்ளரில் ஊற்றினால் செங்கல் நிறம் வர வேண்டும், நாக்கைத் துவர்ப்பாக ஒரு பிடி பிடிக்க வேண்டும். பிடித்தால் டீ, பிடிக்காவிட்டால் குப்பை. ஏழு வருடத்தில் இந்தப் பரீட்சை என்னை ஏமாற்றியதே இல்லை.

கரியாலூரில் சின்னப்பொண்ணு அக்காவின் கடை இருந்தது. அருவிக்குப் போகிறவர்களும் மலைக்காட்டில் சாமை விதைக்கிறவர்களும் அங்கேதான் டீ குடிப்பார்கள். அக்கா டீயைக் கையில் கொடுத்துவிட்டு, முதல் வாய் குடிக்கும்வரை எதிரிலேயே நின்று "சரியா கீதா?" என்று கேட்பார். சரியாக இருக்கிறதா என்று எல்லோரையும் கேட்பார். இரண்டு வருடமாக என்னையும் கேட்டார். நல்ல பண்பான பெண்மணி என்று நான் மற்றக் கடைக்காரர்களிடமெல்லாம் புகழ்ந்து பேசியிருக்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் பல் கட்டும் கடை வைத்திருந்த ஒருவர் குடும்பத்தோடு அருவி பார்க்க வந்தார். சீன வம்சம். ஊரே அவரைச் சைனா டாக்டர் என்றுதான் கூப்பிடும். அக்கா கடையில் ஒரே ஒரு டீ குடித்தார், எதிரில் நின்று கேட்ட அக்காவைப் பார்த்தார். "இன்னாம்மா, நீ போட்ட டீய நீ குடிக்க மாட்டியா?" என்றார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அக்காவுக்குக் கடைவாய்ப் பற்கள் முழுக்கச் சொத்தை. சூடாக எதையும் வாயில் வைக்க முடியாது, உயிர் போகும். இரண்டு வருடமாகத் தான் போடும் டீயின் ருசி தனக்கே தெரியாமல், வருகிறவர்களைக் கேட்டுக் கேட்டுக் கடையை ஓட்டியிருக்கிறார். நான் பண்பு என்று நினைத்தது வலி. மாதம் இரண்டு முறை போன எனக்குத் தெரியாதது, ஒரு டீ குடித்த மனிதருக்குத் தெரிந்துவிட்டது. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் அவரைக் கீழே வரச் சொன்னார். எட்டுத் தடவை பஸ் ஏறி இறங்கி, அக்காவுக்குப் புதுப் பல் வந்தது. கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அதற்குள் டாக்டர் கடையை மூடிவிட்டுக் கனடாவில் இருக்கும் மகளிடம் ஒரேயடியாகப் போகிறார் என்ற சேதியும் வந்தது.

அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அன்னிக்கி அருவிக்கு வந்தப்போ டாக்டரு ஒண்ணு சொன்னாரு. அவங்கப்பா ஊர்ல, மேகம் நிக்கிற அளவுக்கு உசரமான மலையில ஒரு டீ கீதாம். பாலு வாணாமாம், சக்கர வாணாமாம், பூ வாசன வருமாம். அத வாங்கியாந்து குடு."

"எதுக்குக்கா? ஒரு வேட்டி சட்டை எடுத்துக் குடுங்களேன்."

"வேட்டிய யாரு வாணா குடுப்பாங்க. என் கடையில குந்தி கேட்டு நான் குடுக்காத டீ அது ஒண்ணுதான். என் வாய சரி பண்ண மனுசன். அவரு வாய்க்கு கேட்டத நான் குடுக்க வாணாமா? போறதுக்குள்ள குடுத்துடணும் தம்பி."

ஒரு டீக்கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய மானப் பிரச்சினை இருக்க முடியாது. எனக்கும் புரிந்தது. அதோடு, டீ என்றால் என்னை விட்டால் யார் என்கிற மிதப்பு வேறு. "இதெல்லாம் ஒரு விஷயமா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

குன்னூரில் எங்கள் கம்பெனிக்காக டீ சுவைத்துப் பார்க்கும் வேலையில் ஒருவர் இருந்தார். தபால் அட்டையில் மூன்று வரிக்கு மேல் எழுதமாட்டார், அந்த மூன்றிலும் என்னைக் குத்தாமல் விடமாட்டார். நான் தொழில் கற்றது அந்த அட்டைகளில்தான். அவருக்கு விவரம் எழுதினேன். அது ஊலாங் என்கிற வகை, பச்சைத் தேயிலைக்கும் நம் கறுப்புத் தூளுக்கும் நடுவில் நிற்பது, நீலகிரியில் மிக உயரத்தில் உள்ள ஒரு தோட்டத்தில் சோதனையாகக் கொஞ்சம் செய்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. பிறகு இரண்டு காகிதப் பொட்டலங்கள் வந்தன. ஒன்றில் 1, இன்னொன்றில் 2 என்று எழுதியிருந்தது. வேறு குறிப்பு இல்லை. கூட வந்த அட்டையில் ஒரே வரி: "ஒன்று உனக்குப் பிடிக்கும், மற்றது சரியானது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குன்னூர்க்காரர்களுக்குச் சமவெளிக்காரன் நாக்கின் மேல் எப்போதும் ஓர் இளக்காரம். நைனார்பாளையத்தில் என் வீட்டு அடுப்பிலேயே பரீட்சை வைத்தேன். பால், சர்க்கரை, மூன்று கொதி. முதல் பொட்டலம் அருமையான செந்நிறம் கொடுத்தது, வாசனையும் தூக்கியது. இரண்டாவதில் இருந்தது இலையே இல்லை. மிளகு அளவில் கரும்பச்சை உருண்டைகள், பார்த்தால் ஆட்டுப் புழுக்கை. பாலில் போட்டால் பால் பாலாகவே இருந்தது. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாங்க இது, கீரை வேகவெச்ச தண்ணில பால ஊத்தின மாரி கீது" என்றாள்.

தீர்ப்பு முடிந்தது. எனக்குப் பிடித்ததுதான் சரியானது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முதல் பொட்டலத்தை ஒரு அழகான தகர டப்பாவில் போட்டு, மூடிக்கு மேல் ரிப்பன் கட்டினேன். இரண்டாவதைக் குன்னூருக்கே திருப்பி அனுப்பி, "உங்கள் புழுக்கையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதலாம் என்று பையில் போட்டுவைத்தேன். எழுதப் போகிற அட்டையை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் பெரிய சாலை மறியல். இப்போதைய பிள்ளைகளுக்கு அது வெறும் கேள்விப்பட்ட கதை. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பால் வண்டிகூட இல்லை. கள்ளக்குறிச்சியில் எங்கள் கம்பெனியின் டீத்தூள் டிப்போவையும் மூடிவிட்டார்கள். நானும் வீட்டில் சும்மாதான் கிடந்தேன். மூன்றாவது நாள் மத்தியானம், நான் விசாரித்துச் சொல்லும்படி கேட்டுவைத்திருந்த டிப்போ மேனேஜர், ஊர் ரைஸ் மில்லுக்கு போன் பண்ணி ஒரு சேதி சொன்னார். போலீஸ் காவலோடு நாலைந்து வண்டிகள் சேர்ந்து மறுநாள் விடியற்காலை கள்ளக்குறிச்சியிலிருந்து மெட்ராஸ் போகின்றன, சைனா டாக்டரும் அதில் போகிறார் என்றார்.

இன்று சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் பிறகு கனடாவில்தான் கொடுக்க வேண்டும். சைக்கிளை எடுத்தேன்.

வழியில் இரண்டு மரங்களைச் சைக்கிளைத் தூக்கித் தாண்டினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது மரத்தில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கல் கூட்டிய அடுப்பில் அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் பெரியவராகத் தெரிந்த ஒரு விவசாயி, தோளில் துண்டோடு எழுந்து வந்தார். அவருக்குக் குரலை உயர்த்தும் பழக்கம் இல்லை என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

"எங்க போய்க்கினு கீறீங்க?"

"கள்ளக்குறிச்சிக்குங்க. ஒருத்தருக்கு ஒரு பொருள் குடுக்கணும்."

கூட்டத்தில் ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். நைனார்பாளையம் டீக்கடை ஒன்றில் மாஸ்டர். "அட, நம்ம தூள்காரரு. காலையிலேர்ந்து வெறும் சுடுதண்ணி குடிச்சிக்கினு கீறோம், தூளு கீதா சாரு?"

என் தோள் பையை நாற்பது பேரும் பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல முடியாது. இந்த இடத்தில் நான் எடுத்த முடிவை நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அப்போது அது மிகுந்த சாமர்த்தியமாகத் தோன்றியது. டப்பாவைத் தொடாமல், வேண்டாத பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "இருக்குதுங்களே, தாராளமா போடுங்க" என்று முகம் மலரச் சொன்னேன்.

மாஸ்டர் இரண்டு கை அள்ளி அண்டாவில் போட்டான். பால் கிடையாது, சர்க்கரையும் தீர்ந்துவிட்டது. தண்ணீர் லேசான மஞ்சளுக்கு வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

"இன்னா சாரு இது, கலரே எறங்கல?"

"மலைச் சரக்கு, அப்படித்தான் இருக்கும்" என்று சமாளித்தேன். எப்போது நழுவலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வாசனை வந்தது. முதலில் யாரோ தலையில் பூ வைத்துக்கொண்டு பின்னால் வந்து நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அண்டாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். டம்ளர்கள் கைமாறின. பெரியவர் ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார்.

"மழ பேஞ்ச மறுநாளு புங்கமரத்துக்கு அடியில நின்ன மாரி கீதுப்பா" என்றார்.

எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்தேன். ஏழு வருடமாக டீ என்று நான் நம்பிக்கொண்டிருந்த எதுவும் அதில் இல்லை. பிடி இல்லை, நிறம் இல்லை. ஆனால் விழுங்கிய பிறகும் தொண்டையில் ஒரு தித்திப்பு வந்துகொண்டே இருந்தது. மறியலில் பால் வண்டி நின்றதால் மட்டுமே அந்த டீ எங்களுக்குத் தன் முகத்தைக் காட்டியது. குன்னூர்க்காரர் சரியானது என்று சொன்னது எது என்று அப்போதுதான் புரிந்தது. டப்பாவில் ரிப்பனோடு இருந்தது தவறானது. சரியானதில் பாதி அண்டாவில் கிடந்தது. மீதிப் பாதி மாஸ்டர் கையில்.

"சாரு, இன்னொரு அடுப்பு ஏத்தலாமா?" என்று கேட்டுக்கொண்டே அவன் பொட்டலத்தைப் பிரித்தான்.

ஏதாவது பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். நாள் முழுதும் வெயிலில் உட்கார்ந்திருப்பவர்கள், கோபத்தோடு வந்திருப்பவர்கள். ஆனால் எந்தப் பொய்யும் வாயில் நிற்கவில்லை. மலையில் இருக்கும் அக்காவைப் பற்றி, பல்லைப் பற்றி, நாளை போகும் டாக்டரைப் பற்றி எல்லாம் சொன்னேன். கடைசியில் சொல்ல வேண்டியதையும் சொன்னேன்.

"நல்லதுன்னு நினைச்சத டப்பாவுல வெச்சுக்கினு, வேணாம்னு ஒதுக்குனத உங்களுக்குக் குடுத்தேங்க. இப்பத்தான் தெரியுது, அதான் நல்லது. மீதிய திருப்பிக் குடுத்தீங்கன்னா..."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் டம்ளரில் மிச்சம் இருந்ததை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"ஒதுக்குனதத்தான் எங்களுக்கு எப்பவும் குடுக்கறாங்க. அதுக்குத்தான தம்பி இந்த மரத்து மேல குந்திக்கினு கீறோம்" என்றார்.

ஏழு வருடமாக இந்தச் சாலையில் போய்வந்தவன், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைச் செய்தித்தாளில் படித்தவன், அந்த ஒரு வாக்கியத்தில்தான் அதைக் காதால் கேட்டேன். அதுவும் என் கையாலேயே அதைச் செய்துவிட்ட பிறகு. மன்னிப்புக் கேட்டேன். நன்றாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன், வார்த்தைகள் நினைவில் இல்லை.

பெரியவர் பொட்டலத்தை மாஸ்டரிடமிருந்து வாங்கி, வாயை மடித்து, தன் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்துச் சுற்றிக் கட்டினார். "சைனா டாக்டருதான எங்க மாமனாருக்கு பல்லு கட்டினாரு. கெழவன் இன்னும் கரும்பு கடிக்கிறான். எடுத்துக்கினு போங்க" என்றார்.

ரிப்பன் கட்டிய டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். "இதுக்குப் பால் வேணுங்க. பால் வந்ததும் போடுங்க" என்றேன். அவர் சிரித்தார். நாலு பேர் என் சைக்கிளை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள். அடுத்த மரத்தில் இருந்தவர்களுக்கும் குரல் கொடுத்து என்னை விடச் சொன்னார்கள்.

டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. வீடு காலி. மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நூல் சுற்றிய காகிதப் பொட்டலத்தை நீட்டி, கரியாலூர் அக்கா கொடுத்தனுப்பியது என்றேன். பிரித்து முகர்ந்தார். உள்ளே போய்த் தண்ணீர் வைத்தார்.

கொதித்த தண்ணீரை உருண்டைகள் மேல் ஊற்றினார். உடனே அந்த முதல் தண்ணீரைக் கீழே கொட்டினார். எத்தனை மரம் தாண்டி வந்த டீ அது. "எங்கப்பா அப்டித்தான் செய்யணும்னுவாரு" என்றார். இரண்டாவது முறை ஊற்றியதும் அந்தப் புழுக்கைகள் மெல்ல அவிழ்ந்தன. காம்போடு, நரம்போடு, முழு முழு இலைகள். தேயிலை தேயிலை என்று சொல்லி ஏழு வருடம் விற்றவன், ஒரு டம்ளருக்குள் தேயிலையை அன்றுதான் பார்த்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். நான் அக்காவைப் போலவே எதிரில் நின்றேன்.

"சரியா இருக்குதுங்களா டாக்டர்? அப்பா ஊர் டீ இதானா?"

"எனக்கெப்டி தெரியும்? நான் பொறந்தது பண்ருட்டியில" என்றார்.

நான் டம்ளரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அப்பா சொல்லி கேட்டதோட சரி. நான் இத குடிச்சதே இல்ல. ரொம்ப நல்லாருக்குது. இதாத்தான் இருக்கணும்."

"அப்புறம் ஏன் டாக்டர் அக்காகிட்ட இந்த டீ வேணும்னு கேட்டீங்க? கேட்டதக் குடுக்கலியேன்னு அவங்க எவ்வளோ தவிச்சாங்க தெரியுங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"நான் எங்கங்க கேட்டேன்? அந்தம்மா போட்ட டீ அவ்வளோ நல்லாருந்துது. எங்கயாவது நல்ல டீ குடிச்சா எங்கப்பா உடனே அவரு ஊரு டீய பத்தி பேச ஆரமிச்சிடுவாரு. அந்த ஞாபகம் வந்துது. அதான் சொன்னேன்."

பாதி இலையைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மீதியை மறுபடி அதே நூலால் கட்டிக் கொடுத்தார். "அவங்களும் குடிக்கட்டும். இப்ப சூடு தாங்கும், நான் கட்டின பல்லு" என்றார். மறுநாள் விடியற்காலை போய்விட்டார்.

இந்த இடத்தில் உங்களுக்குத் தொழில் சம்பந்தமாக ஏதாவது சொல்ல வேண்டும். சொல்கிறேன். பரிசுக்கு டீ கேட்டு யாராவது உங்களிடம் வந்தால், எது உயர்ந்தது என்று உங்கள் நாக்கைக் கேட்காதீர்கள். யார் குடிக்கப்போகிறார், எப்படிக் குடிப்பார் என்று கேளுங்கள், அப்படியே போட்டுக் குடித்துப் பாருங்கள். நான் பால் ஊற்றாமல் ஒரே ஒரு டம்ளர் போட்டிருந்தால் போதும். அக்கா முதல் நாளே சொன்னார், பால் வேண்டாமாம் என்று. காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. குன்னூருக்கு எழுத நினைத்த அட்டையையும் நான் எழுதவில்லை. "சரியானதைக் கொடுத்தேன்" என்று மட்டும் எழுதினேன். "சந்தேகமாக இருக்கிறது" என்று பதில் வந்தது.

பஸ் ஓட ஆரம்பித்த முதல் நாளே கரியாலூருக்குப் போனேன். கடையில் கூட்டமில்லை. அக்கா கேட்ட முதல் வார்த்தை, "குடிச்சாரா?"

"குடிச்சாருக்கா. நல்லாருக்குன்னாரு."

"அப்பாடா" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர் கொடுத்த பொட்டலத்தைக் கொடுத்து, அவர் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் எதையும் கேட்கவில்லை, அக்கா போட்ட டீ நன்றாக இருந்ததால்தான் அப்பாவின் டீயை நினைத்தார் என்று சொன்னேன்.

அக்கா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எப்ப குடிச்ச டீ அது?" என்றார்.

"அன்னிக்கி குடிச்சதுதான்க்கா. அருவி பாக்க வந்தப்போ. ஒரே ஒரு டீதான குடிச்சாரு."

"அப்ப எனக்கு இந்த பல்லு இல்ல தம்பி. ரெண்டு வருசமா நான் வாயில வெக்காம போட்ட டீ. எல்லாரும் சரியா கீதுன்னு சொல்லுவாங்க, எனக்கு மனசு குறுகுறுன்னு இருக்கும், பாவம் பாத்து சொல்றாங்கன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் போட்டுக்கினு இருந்தனா?"

"நல்லாத்தான் போட்டீங்கக்கா" என்றேன். இரண்டு வருடம் அவர் கேட்ட கேள்விக்கு, அன்றுதான் நான் கேள்வியைக் காதில் வாங்கிப் பதில் சொன்னேன்.

அக்கா எழுந்து பொட்டலத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். பால் சட்டியை அடுப்பில் ஏற்றி, என் கம்பெனித் தூளைப் போட்டு, மூன்று கொதி விட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். இன்னொன்றை, ஆவி பறக்கப் பறக்க, தான் குடித்தார். "சரியா கீதா?" என்று கேட்கவில்லை.